ஜனவரி 1-இல் பிறந்தவர்கள்: மினசோட்டா சோமாலியர் உடல்நலம், கேள்வி பதில்

கேள்வி (கிளினிக் வரவேற்பு, மினியாபோலிஸ்): சோமாலி நோயாளிகள் பலருக்கு ஒரே பெயர், பிறந்த தேதியும் ஜனவரி 1. கோப்பு மாறிப்போகிறது. என்ன செய்வது?

பதில்: டாக்டர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே தவறு நடக்கும் இடம் இது. பிறப்புச் சான்று இல்லாமல் வந்த அகதிக்கு ஆண்டு மட்டும் தெரிந்தால், ஜனவரி 1 என்று போட்டுவிடுவது வழக்கம். சோமாலியருக்குக் குடும்பப் பெயரும் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவ்வளவுதான். இனிஷியல் போட்டுப் பழகிய நமக்கு இது புரியும். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறாது. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் கடைசிப் பெயர் வேறாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து "நீங்கள் அம்மாதானா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

மூன்று பெயரையும் முழுசாக வாங்குங்கள். ஸ்பெல்லிங்கை இரண்டு விதமாகத் தேடுங்கள். சோமாலி எழுத்தில் 'எக்ஸ்' என்பது அழுத்தமான 'ஹ'. 'சி' என்பது தொண்டையில் எழும் அரபு 'ஐன்'. அதனால் முகமது ஒரு கோப்பில் நடுவே 'எச்'சோடும், இன்னொன்றில் 'எக்ஸ்'ஸோடும் இருப்பார். அலி 'சி'யில் தொடங்குவார். அடுத்து அம்மாவின் பெயர், பிறகு தொலைபேசி எண். இவை பொருந்தாமல் இரண்டு கோப்புகளை ஒன்றாக்கவே கூடாது. ஒருவருடைய பென்சிலின் ஒவ்வாமைக் குறிப்பு இன்னொருவர் கோப்பில் போய் உட்கார்ந்தால், இருவருக்கும் ஆபத்து.

கேள்வி (செவிலியர், செயின்ட் கிளவுட்): மொழிபெயர்ப்பாளர் வரத் தாமதமானால் பத்து வயது மகனை வைத்துச் சமாளிக்கலாமா?

பதில்: கூடாது. உயிருக்கு ஆபத்தான அவசரம், தகுதியான ஆள் உடனே கிடைக்கவில்லை என்றால் மட்டுமே. அமெரிக்கக் கூட்டரசு விதியும் அதுதான். மாதவிடாய் ரத்தப்போக்கைத் தாய் மகன் வாயால் சொல்லவிட மாட்டாள். "வயிற்றுவலி" என்று முடித்துக்கொள்வாள். தொலைபேசி மொழிபெயர்ப்பைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போதே சோமாலியின் இரண்டு வகைகளில் மஹா பேச்சா, மாய் பேச்சா என்று கேளுங்கள். தெற்கிலிருந்து வந்த பலருக்கு மாய்தான் வீட்டுமொழி. துண்டறிக்கையை மட்டும் நம்பாதீர்கள். சோமாலிக்கு அதிகாரபூர்வ எழுத்து வந்ததே 1972-இல். படிக்க வாய்ப்பில்லாத முதியவர்களுக்குப் பதிவு செய்த குரல்தான் பயன்படும். மருந்தைக் கொடுத்து "புரிந்ததா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். பாட்டிலையும் ஊசியில்லாத சிரிஞ்சையும் தாயின் கையில் கொடுத்து, 5 மில்லி இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். கோடு தாண்டினால் அங்கேயே திருத்தலாம்.

கேள்வி (சிகாகோ): தட்டம்மை ஊசியை மறுப்பதற்கு மதம்தானே காரணம்?

பதில்: இல்லை. 2004-இல் மினசோட்டாவின் இரண்டு வயது சோமாலிக் குழந்தைகளில் 92 சதவீதம் எம்.எம்.ஆர். என்ற தட்டம்மைத் தடுப்பூசி போட்டிருந்தார்கள். 2014-இல் அது 42 சதவீதம். பத்து வருஷத்தில் மதம் மாறவில்லையே. 2008 வாக்கில், சிறப்புக் கல்வி வகுப்புகளில் தம் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதைப் பெற்றோர் கவனித்துக் காரணம் கேட்டார்கள். தெளிவான பதில் உடனே வரவில்லை, வதந்தி வந்தது. ஊசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட பிரிட்டிஷ் டாக்டர் வேக்ஃபீல்டின் 1998 கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. பிரிட்டன் அவருடைய மருத்துவப் பதிவையும் நீக்கியது. அப்புறமும் அவர் மினியாபோலிஸ் வந்து இந்தப் பெற்றோரைச் சந்தித்தார். 2017-இல் தட்டம்மை வந்தது: 75 பேர், பெரும்பாலும் சோமாலிக் குழந்தைகள்.

அதே வாசகர்: ஆனால் அவர்களுக்கு ஆட்டிசம் அதிகம் என்று ஆய்வே சொன்னதே!

பதில்: பாதியைச் சொல்கிறீர்கள். மினசோட்டா பல்கலைக்கழகம் 2013-இல் வெளியிட்ட கணக்கு: சோமாலிக் குழந்தைகளில் 32-க்கு ஒருவர், வெள்ளையரில் 36-க்கு ஒருவர். புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. உண்மையான வேறுபாடு வேறு இடத்தில் இருந்தது: ஆட்டிசம் உள்ள சோமாலிக் குழந்தைகளிடம் அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருப்பது மற்றவர்களைவிட மிக அதிகம். ஏன் என்று பெற்றோர் கேட்டது நியாயமான கேள்வி. பழி போட வேண்டியது ஊசி மீதும் அல்ல, அவர்கள் மீதும் அல்ல.

கேள்வி (டெட்ராய்ட்): ஜெலட்டினால் மறுக்கிறார்களே, அது மதம் இல்லையா?

பதில்: அதற்கு வழி இருக்கிறது. எம்.எம்.ஆர்.-2 என்ற பிராண்ட் ஊசியில் பன்றி ஜெலட்டின் உண்டு. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிரயோரிக்ஸ் என்ற இன்னொரு எம்.எம்.ஆர். ஊசியில் இல்லை. மருந்தகத்தில் வரவழைத்து வையுங்கள்.

கேள்வி (டல்லஸ்): ரமலான் நோன்பில் சர்க்கரை மாத்திரை?

பதில்: நோன்புக்கு ஆறு, எட்டு வாரம் முன்பே டாக்டரிடம் அளவை மாற்றி வாங்க வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் நோன்பை அங்கேயே முடிக்க வேண்டும். மீதியை அவரவர் டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): மதநம்பிக்கையால்தானே ஊசி...

பதில்: மூன்றாவது முறை. மேலே இருக்கிறது, படியுங்கள்.

கேள்வி (மினியாபோலிஸ்): பக்கத்து வீட்டுச் சோமாலிக் குழந்தைக்குத் தட்டம்மை. நேற்று என் ஒன்றரை வயது மகள் அங்கே விளையாடினாள். ஊசி போடவில்லை.

பதில்: அம்மா, இன்றே. தொற்றுப்பட்ட 72 மணி நேரத்துக்குள் போட்டால் எம்.எம்.ஆர். காப்பாற்ற வாய்ப்புண்டு. அது தாண்டினால் ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரத மருந்து) தேவையா என்று டாக்டர் சொல்வார். முதலில் போன் செய்துவிட்டுப் போங்கள். காய்ச்சல் வந்திருந்தால் காத்திருப்பு அறையில் உட்காராதீர்கள்; தட்டம்மைக்காரர் எழுந்து போன பிறகும் கிருமி இரண்டு மணி நேரம்வரை அந்த அறைக் காற்றில் இருக்கும். பக்கவாசல் வழியாக அழைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் இதையே சொல்லுங்கள். அவர்கள் பிள்ளையின் மூலமாக அல்ல.