பலகையின் கீழ்வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் பாரிஸிலிருந்து மூன்று நாள் பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரிட்டனிக்குப் போய்வந்தோம். மோன் சேன் மிஷேல், சேன் மாலோ, கர்னாக் பார்த்தோம். சேன் மாலோவில் கடற்கரைக்குப் போனால் கடல் எங்கோ தள்ளிக் கிடந்தது. கர்னாக்கில் வெறும் கற்கள்தான். ஊர்ப் பலகைகளில் பிரெஞ்சுக்குக் கீழே அதன் வட்டார வழக்கிலும் பெயர் எழுதியிருக்கிறார்கள், எதற்கென்று புரியவில்லை. அடுத்த ஆண்டு பெற்றோரை அழைத்துப்போக ஆசை. மே மாதம் நல்லதா, செப்டம்பரா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெற்றோரை அவ்வளவு தூரம் அழைத்துப்போக நினைக்கிறீர்களே, அதற்காகவே உங்களைப் பிடித்துவிட்டது. ஆனால் கடிதத்தின் ஒரு சொல் இரண்டு நாளாக உறுத்துகிறது.

மற்றவற்றை முடித்துவிடுகிறேன். மோன் சேன் மிஷேல் பிரிட்டனியில் இல்லை, பக்கத்து நார்மண்டியைச் சேர்ந்தது. சேன் மாலோவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே கடல்மட்டம் 12 மீட்டருக்கு மேல் மாறும் நாட்கள் உண்டு. ஆறு மணி நேரம் பொறுத்திருந்தால் நீங்கள் நின்ற மணலே கடலாகியிருக்கும். கர்னாக்கின் 3000 கற்கள் சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன் மனிதக் கைகள் நட்டவை. ‘வெறும்’ என்று எழுத எப்படி மனம் வந்தது?

இப்போது அந்தச் சொல்: வட்டார வழக்கு. இல்லை ஐயா, இல்லை. பலகையில் நீங்கள் பார்த்த பிரெத்தோன் தனி மொழி. பிரெஞ்சு லத்தீனிலிருந்து வந்தது. இது வேல்ஸ் மொழியின் உடன்பிறப்பான கெல்டிக் மொழி. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டன் தீவிலிருந்து கடல் கடந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தது. பிரிட்டனி என்ற பெயரும் அவர்களால் வந்ததுதான். அந்த நாடு பிரான்சோடு இணைக்கப்பட்டதே 1532-ல்.

கர்னாக் இருக்கும் மாவட்டம் மொர்பியான். பிரெத்தோனில் மோர் என்றால் கடல், பிஹான் என்றால் சிறியது. கெம்பெர் என்ற ஊரின் பெயரைப் பிரெஞ்சுக்காரர் வேறு எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள்; அவர்கள் மொழியில் அதற்குப் பொருள் கிடையாது. பிரெத்தோனில் அது ஆறுகள் சேரும் இடம். ஸ்தேர் ஆறு அங்கேதான் ஓதே ஆற்றோடு கலக்கிறது. பவானியில் நாம் கூடுதுறை என்கிறோமே, அப்படி. நீங்கள் எதற்கென்று கேட்ட கீழ்வரியில் எழுதியிருப்பது இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் துவார்னெனே என்ற மீன்பிடி ஊரில் ஒரு பாட்டி வீட்டில் தங்கியிருந்தேன். பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்டேன். எழுந்து கொல்லைக்குப் போனார். தேய்ந்த மரச்செருப்பு ஒன்றைச் சணல் கயிற்றில் கோத்து என் கழுத்தில் மாட்டினார். நடக்கச் சொன்னார். ஒவ்வோர் அடிக்கும் கட்டையின் விளிம்பு நெஞ்செலும்பில் இடித்தது. அவர் படித்த காலத்தில், வகுப்பில் பிரெத்தோன் பேசிய பிள்ளைக்கு அது மாட்டப்படும். கழற்ற ஒரே வழி, பிரெத்தோன் பேசும் இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுப்பது. பள்ளி விடும்போது யார் கழுத்தில் கிடக்கிறதோ அவருக்குத் தண்டனை.

அடியைவிட அந்தக் காட்டிக்கொடுத்தலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏழு வயதுப் பிள்ளை, தோழி வாய் தவறித் தாய்மொழி பேசமாட்டாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு அலைய வேண்டும். அப்படி வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் பிரெஞ்சு மட்டுமே பேசினார்கள். இந்தப் பாட்டியும் அப்படித்தான். 1950 வாக்கில் பத்து லட்சம் பேர் பேசிய மொழி. 2024 கணக்கெடுப்பில் சுமார் 1,07,000 பேர். அதை வழக்கு என்று எழுதிவிட்டுப் போகிறீர்கள்!

1977-ல் பெற்றோர்கள் சேர்ந்து திவான் என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். திவான் என்றால் முளை. கிட்டத்தட்ட எல்லாப் பாடமும் பிரெத்தோனில். பாட்டியின் பேத்தி அப்படியொரு பள்ளியில் படித்தாள். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவள் ‘பாரா’ என்று ரொட்டி கேட்டாள். பாட்டி பிரெஞ்சில் ஏதோ சொல்லத் தொடங்கி, நிறுத்தி, பிரெத்தோனில் சொல்லிக்கொண்டே ரொட்டியை அறுத்தார்.

செப்டம்பரில் போங்கள், கூட்டம் குறைந்திருக்கும். அம்மாவைக் கெம்பெருக்கு அழைத்துப்போய், ஊர்ப் பலகையின் இரண்டு வரிகளையும் வாசித்துக் காட்டுங்கள்.