குனிந்தால் முதுகுத் தசை இறுகுகிறது, முதுகு பலவீனமா?

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கீழ்முதுகு வலி, ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் குனிந்தாலே இரண்டு பக்கமும் தசை இறுகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிசியோதெரபிஸ்டாகச் சொல்கிறேன், இதைப் பலவீனம் என்று நினைக்க வேண்டாம். ஓய்வெடுக்க வேண்டிய இடத்தில் தசை ஓய்வெடுக்காததுதான் பெரும்பாலும் சிக்கல்.

வலி இல்லாத ஒருவரை நிற்க வைத்து, இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பின் இருபுறமும் விரல் வைத்துப் பாருங்கள். குனியத் தொடங்கியதும் தசை விறைத்து எழும்பும். உடம்பு முன்னால் விழாமல் பிடித்துக்கொள்வது அதுதான். முழுக்கக் குனிந்ததும் அந்த விறைப்பு தளர்ந்துவிடும். தசையின் மின்துடிப்பை அளக்கும் இஎம்ஜி கருவியின் திரையில் அலை கிட்டத்தட்டத் தட்டையாகும். அப்போது பாரத்தைத் தாங்குவது முள்ளெலும்புகளைப் பிணைக்கும் நார்களும், அவற்றுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கும், ஆழத்தில் இருக்கும் சில தசைகளும். நிமிரும்போது மேல்தசை மறுபடி வேலைக்கு வந்துவிடும். ஃபிளாய்டு, சில்வர் என்ற இருவர் 1950களிலேயே இதை விரிவாகப் பதிவு செய்தார்கள்.

நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள பலரிடம் அந்த அலை அடங்குவதே இல்லை. வலித்த இடத்தை அசைய விடாமல் உடம்பு காவல் காக்கிறது. 'குனிந்தால் டிஸ்க் விலகிவிடும்' என்ற பயம் சேர்ந்தால் காவல் இன்னும் பலமாகும். ஓய்வே கிடைக்காத தசை சாயங்காலத்துக்குள் அசந்து வலிக்கத்தானே செய்யும்?

அப்புறம், சிசேரியனுக்குப் போட்ட முதுகு ஊசிதான் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள். நீண்டநாள் வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

முதலில் நாற்காலியில் உட்கார்ந்து பழகுங்கள். பாதம் தரையில் பதிய, கால்களைச் சற்று அகட்டி, மூச்சை விட்டபடி தலையைத் தொங்கவிட்டு, கைகளை முழங்காலிலிருந்து கணுக்கால் பக்கம் மெதுவாக இறக்குங்கள். கீழே இரண்டு மூச்சு இருங்கள். நிமிரும்போது கையை முழங்காலில் ஊன்றிக்கொள்ளலாம். லேசாக இழுத்தால் பரவாயில்லை, சுரீரென்றால் அதற்கு முன்பே நிறுத்துங்கள். இது பழகிய பிறகு நின்று குனியலாம், எடை தூக்கும் பயிற்சியும் சேர்க்கலாம். இடுப்பு பெல்ட்டை நாள் முழுக்கக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். சரியான பயிற்சிக்குப் பிறகு அந்தத் தளர்வு திரும்பி வருவதை இஎம்ஜியிலேயே பார்த்திருக்கிறார்கள்.

எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் இந்தப் பயிற்சியைத் தாங்களாகச் செய்யக் கூடாது. காலில் பலம் குறைவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் அடைபடுவது இவற்றில் ஏதாவது இருந்தால் பயிற்சியே வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.