இரண்டு லைன், ஒரு ஃபயர்வால்: போர்ட் ஃபார்வர்டிங் கேள்வி பதில்

ராமேஸ்வரம், லாட்ஜ்: அண்ணே, இரண்டு கம்பெனி ஃபைபர் லைன் வைத்திருக்கிறோம். இரண்டிலும் ஸ்டேட்டிக் ஐபி. ஃபயர்வால் பிஎஃப்சென்ஸ். கேமரா டிவிஆர் முதல் லைன் ஐபியில் திறக்கிறது, இரண்டாவதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போர்ட் ஃபார்வர்டிங் ரூல் (வெளியிலிருந்து வருவதை உள்ளே டிவிஆருக்கு அனுப்பும் விதி) இரண்டுக்கும் போட்டாச்சு.

ரூல் இருக்கிறது என்றால் பாக்கெட் (தரவுத் துண்டு) உள்ளே வந்திருக்கும் தம்பி, பதில் போகிற வழிதான் தப்பு. இரண்டாவது லைனில் வந்த ஆளுக்கு டிவிஆர் பதில் அனுப்புகிறது. ஃபயர்வாலின் டீஃபால்ட் கேட்வே (வழக்கமாக வெளியே போகும் வாசல்) முதல் லைன் என்பதால் அது அந்தப் பக்கம் கிளம்பிவிடுகிறது. இரண்டாவது லைனின் ஐபியைப் போட்டுக்கொண்டு முதல் கம்பெனி வழியாகப் போகும் பாக்கெட்டை அவர்கள் போலி என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இதற்காகவே பிஎஃப்சென்ஸில் 'ரிப்ளை டு' என்று ஒன்று உண்டு. வந்த வழியிலேயே பதிலைத் திருப்பும், தானாகவே சேரும். மூன்று இடத்தில் மட்டும் கைவிடும். இரண்டாவது லைனின் இன்டர்ஃபேஸ் (லைன் வந்து சேரும் இடம்) பக்கத்தில் கேட்வே தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தால் வராது. அனுமதி ரூலை அந்த லைனின் டேப்பில் போடாமல், பல லைனுக்குப் பொதுவான ஃப்ளோட்டிங்கிலோ இன்டர்ஃபேஸ் குரூப்பிலோ போட்டிருந்தாலும் வராது. அட்வான்ஸ்டு பக்கத்தில் யாராவது அதை அணைத்து வைத்திருக்கலாம். நான் பார்த்தவரை பெரும்பாலும் முதல் காரணம்தான்.

தொண்டி: என்னிடம் மைக்ரோடிக் ரவுட்டர். அதிலும் இதே கதைதான்.

அதில் தானாக எதுவும் நடக்காது. இரண்டாவது லைனில் புதிதாக வரும் கனெக்‌ஷனுக்கு மேங்கிளில் (பாக்கெட்டுக்கு அடையாளம் போடும் பகுதி) ஒரு மார்க் போடுங்கள். லேன் பக்கமிருந்து அந்த மார்க்கோடு வரும் பதிலுக்கு ரூட்டிங் மார்க் கொடுத்து, இரண்டாவது கேட்வே உள்ள தனி டேபிளுக்கு (வழிப் பட்டியல்) அனுப்புங்கள். மைக்ரோடிக்கின் மென்பொருள் ரவுட்டர்ஓஎஸ் 7 என்றால் அந்த டேபிளை முதலிலேயே உருவாக்கி வைக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லையா, ஃபாஸ்ட்டிராக் என்ற குறுக்கு வழியைப் பாருங்கள். அதில் போகிற பாக்கெட் மேங்கிளைத் தொடாது. மார்க் போட்ட கனெக்‌ஷன்களை அதிலிருந்து விலக்கிவிடுங்கள்.

மண்டபம், ஐஸ் கம்பெனி: சார், எங்களுக்கு இரண்டாவது லைன் 4ஜி சிம். நீங்கள் சொன்னதெல்லாம் செய்தும் உள்ளே வரமுடியவில்லை.

ஃபயர்வாலில் அந்த லைனுக்கு வந்திருக்கும் ஐபி என்ன? 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், அல்லது முதல் புள்ளிக்கு முன் 10 மட்டும் இருந்தால், அது பொது ஐபி இல்லை. ஒரே பொது ஐபியை கம்பெனி பலருக்குப் பங்கு போட்டிருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவன் உங்கள் ஃபயர்வால் வாசலுக்கே வரமாட்டான், அங்கே ரூல் எழுதி என்ன பயன்? பொது ஐபி தருவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் வெளியே ஒரு சின்ன விபிஎஸ் (பொது ஐபி உள்ள வாடகை சர்வர்) எடுத்து, ஃபயர்வாலிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் டனல் போடுங்கள். டனல் உள்ளிருந்து கிளம்புவதால் சிம்மிலும் ஓடும்.

கீழக்கரை: மலேசியாவில் இருக்கிற மச்சான் கடைக் கேமராவைப் பார்க்கிறார். லைன் மாறினால் ஐபியும் மாறிவிடுகிறதே?

இரண்டும் பொது ஐபி என்றால் டைனமிக் டிஎன்எஸ் (மாறும் ஐபியை ஒரே பெயரோடு இணைப்பது) போதும் பாய். பிஎஃப்சென்ஸில் அதை ஒரு லைனுக்குக் கொடுக்காமல் இரண்டு லைனையும் சேர்த்த கேட்வே குரூப்புக்குக் கொடுங்கள். எந்த லைன் உயிரோடு இருக்கிறதோ அந்த ஐபிக்குப் பெயர் மாறிக்கொள்ளும், கொஞ்ச நேரம் பிடிக்கும்.

ஆனால் டிவிஆரை நேரடியாக வெளியே திறந்து வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல், வாங்கியபோது வந்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. போர்ட் நம்பரை மாற்றி வைத்தால் தப்பலாம் என்பார்கள், தேடுகிறவன் எல்லா நம்பரையும் தட்டிப் பார்ப்பான். மச்சான் போனில் விபிஎன் போட்டுக் கொடுங்கள்.

தேவிபட்டினம்: வீட்டு வைஃபையில் வெளி ஐபியை அடித்தால் திறக்கவே இல்லை.

வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். அதில் திறந்தால் ஃபார்வர்டிங் சரி. உள்ளிருந்தும் வேண்டுமென்றால், வெளி ஐபிக்குப் போவதை உள்ளேயே திருப்பிவிடும் நேட் ரிஃப்ளெக்‌ஷனைப் போட்டுக்கொள்ளுங்கள்.