பாலத்தருகே படகு கட்டலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் விடுமுறைக்கு நேரோபோட் (கால்வாய்களில் ஓடும் நீண்ட, ஒடுங்கிய படகு) வாடகைக்கு எடுத்து, கிராமத்துச் செங்கல் பாலம் ஒன்றை ஒட்டிக் கரையில் முளையடித்துக் கட்டினோம். காலையில் பார்த்தால் பின்பக்க முளை பிடுங்கிக்கொண்டு, படகு கால்வாயின் குறுக்கே கிடந்தது. ஆழமாகத்தான் அடித்திருந்தோம். தவறு எங்கே?
- வாசகி, லண்டன்

பதில்: முளையைக் காட்டிலும் இடத்தின் மீதே எனக்குச் சந்தேகம். செங்கல்லும் செலவும் மிச்சமாகட்டும் என்று, பதினெட்டாம் நூற்றாண்டில் கால்வாய் வெட்டியவர்கள் பாலத்தடியில் நீர்வழியை ஒரு படகு நுழையும் அளவுக்குக் குறுக்கிவிட்டார்கள். ஏறத்தாழ 7 அடி அகலப் படகு அந்த இடுக்கில் புகும்போது, முன்னால் தள்ளப்பட்ட நீர் அதன் இருபக்கமும் பின்னோக்கிப் பாய்கிறது; அருகில் கட்டிய படகை அந்த நீரோட்டம் முதலில் ஒரு திசையிலும் பிறகு எதிர்த்திசையிலும் இழுக்கிறது. கயிறு தொய்வாக இருந்தால் ஒவ்வோர் இழுப்பும் வெட்டியிழுப்பாகி, ஈரமண்ணில் நிற்கும் முளையை அசைத்து அசைத்துத் தளர்த்திவிடும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பால வளைவின் நிழலிலிருந்து வெளிவரும் படகோட்டிக்கு, பாலத்தை ஒட்டி நிற்கும் உங்கள் படகு கடைசி நொடியில்தான் தெரியும். பல டன் எடையுள்ள இரும்புப் படகுக்குப் பிரேக் கிடையாது; பின்னோக்கி விசைகொடுத்தாலும் அது உடனே நிற்பதில்லை. ஆகவே பாலத்திலிருந்து சில படகு நீளங்களாவது தள்ளி, நேரான கரையில் கட்டுங்கள். கால்வாய்த் திருப்பங்கள், நீரடைப்புக் கதவுகள், படகு திருப்பும் அகன்ற இடங்கள் ஆகியவற்றின் அருகிலும் கட்டலாகாது.

முன்கயிற்றை முன்னோக்கியும் பின்கயிற்றைப் பின்னோக்கியும் சுமார் 45 பாகைச் சாய்வில் கட்டி, தொய்வில்லாமல் இறுக்குங்கள். படகுகள் அடிக்கடி கடக்கும் இடமென்றால், முன்முனையிலிருந்து பின்னோக்கி இன்னொரு கயிறும் கட்டினால் முன்பின் ஆட்டம் பெருமளவு அடங்கும். கரையில் இரும்புத் தகடு பதித்திருந்தால், முளையை விட அதில் மாட்டும் கொக்கியே உறுதியானது.

நடைபாதை இல்லாத எதிர்க்கரை பெரும்பாலும் தனியார் நிலம் என்பதால் அங்கே அனுமதியின்றிக் கட்ட வேண்டாம். நடைபாதைக் கரையில் பொதுவாக 14 நாள் வரை நிற்கலாம் என்றாலும், அறிவிப்புப் பலகை அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுவே விதி.

முளைகளைத் தண்ணீரோரமாகவே அடித்து, தலையில் வெள்ளைத் துணி கட்டிவையுங்கள். முன்பு குதிரைகள் படகிழுத்த அந்தப் பாதையில் இன்று சைக்கிளில் வருவோர்க்கு, அந்திநேரத்தில் இரும்பு முளை கண்ணில் படாது.