பதில்: வீழ்ப்புத் தளத்தின் பெட்டி எண்கள் ஏன் புள்ளியின் எண்களாகவே வருகின்றன?

வீழ்ப்புத் தளத்திற்கும் ஒற்றைப் புள்ளிக்கும் பெட்டி எண்கள் (Betti numbers: ஒரு வெளியின் துண்டுகள், துளைகள், உட்குழிவுகள் எத்தனை என எண்ணுபவை) 1, 0, 0 என்றே வருவதால் கணக்கில் பிழை இருக்குமோ என்று ஐயுற்றிருக்கிறீர்கள். பிழை இல்லை, அந்த எண்களால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

வட்டத்தகட்டின் விளிம்பில் எதிரெதிர்ப் புள்ளிகளை ஒட்டினால் வீழ்ப்புத் தளம் (projective plane) கிடைக்கும். அதில் ஒரு முனை, 'அ' என்னும் ஒரு கோடு, ஒரு முகம் ஆகியவை எஞ்சும். முகத்தின் விளிம்பு 'அ'வை ஒரே திசையில் இருமுறை சுற்றுவதால், 'அ' எதற்கும் விளிம்பாக அமைவதில்லை, ஆனால் 2அ அமைகிறது. மூடிய சுற்றுகளைக் கூட்டிக் கழித்து, முகங்களின் விளிம்பாக அமைபவற்றைச் சுழியமாகக் கொண்டால் கிடைப்பது முதலாம் ஹோமாலஜி குலம் (homology group); ஆகவே இங்கே அது இரண்டே உறுப்புகள் கொண்டது. முடிவிலா வரிசை கொண்ட உறுப்பு, அதாவது எத்தனை முறை தன்னோடு கூட்டினாலும் சுழியமாகாத உறுப்பு, இல்லாததால் முதலாம் பெட்டி எண் 0.

இந்த இரட்டிப்பைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவான்காரே முறுக்கு எண்ணாகத் தனியே குறித்திருந்தார். சுழற்சிகளின் (தமக்கு விளிம்பில்லாத சுற்றுகளின்) குலத்தை விளிம்புகளின் குலத்தால் வகுத்து, அந்த ஈவுக்குலத்தையே ஆய்வுப் பொருளாகக் கொள்ள வேண்டும் என்று 1920-களின் நடுவில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் வலியுறுத்தியவர் இயற்கணித அறிஞர் எம்மி நோதர். (வெளிகளின் வடிவத்தை ஆராயும் இடத்தியல், topology, அவருடைய முதன்மைத் துறையன்று என்பது எனக்கு இன்றும் வியப்பே.) அவருடைய தாக்கத்தில்தான் இடத்தியலாளர் ஹோப்ஃப், முனை, கோடு, முக எண்ணிக்கைகளைப் பெட்டி எண்களோடு இணைக்கும் ஆய்லர்-புவான்காரே வாய்பாட்டின் பொதுமையாக்கத்தைக் குலங்களின் மொழியில் 1928-இல் எழுதினார். வெளிகளுக்கு இடையிலான தொடர்ச்சியான சார்பு ஒவ்வொன்றும் குலங்களுக்கு இடையே ஒரு சார்பைத் தருகிறது; வெறும் எண்களின் பட்டியலில் அதற்கு இடமே இல்லை.

அடுத்து கிளைன் குடுவைக்கும் (உள், வெளி என்று பிரிக்க முடியாத மூடிய பரப்பு) இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: பெட்டி எண்கள் 1, 1, 0 என வட்டத்தின் எண்களோடு ஒத்துப்போகும், முதலாம் குலம் ஒத்துப்போகாது.