இலையுதிர் காலத்தில் செட்டிநாட்டு வீட்டுத் தோட்டத்துக்கு என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: தேவகோட்டை பக்கம் பூர்வீக வீடு, பின்னால் ஐம்பது சென்ட் கொல்லை, தென்னை, மா, எலுமிச்சை, முருங்கை, மல்லிகை எல்லாம் இருக்கிறது, வேலைக்கு ஓர் ஆள் வாரத்துக்கு ஒருமுறை வருகிறார், நீங்கள் சென்னையிலிருந்து தீபாவளிக்கு ஒரு வாரம் வரப்போகிறீர்கள். வெளிநாட்டு வீடியோக்களில் இலையுதிர் காலப் பராமரிப்பு என்று இலையை வாருவது, புல்தரையில் துளை போட்டு விதை தூவுவது, துலிப் கிழங்கு புதைப்பது என்றெல்லாம் காட்டுகிறார்கள், இதில் எதை நம் ஊரில் செய்யலாம்? காரைக்குடிக்குப் பக்கத்தில் பதினாறு வருடமாக இதே மாதிரி ஒரு வீட்டையும் கொல்லையையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

அந்த வீடியோக்கள் அந்த ஊருக்குச் சரி. அங்கே மண் உறையப் போகிறது, செடி தூங்கப் போகிறது, அதற்கு முன்னால் செய்யும் ஏற்பாடுகள் அவை. நம் பக்கம் வேம்பு இலை கொட்டுவது மாசி பங்குனியில். அக்டோபர், நவம்பர் என்றால் நமக்கு ஐப்பசி, கார்த்திகை, அடைமழை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும், தமிழ்நாட்டுக்கு வருடத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி இதில்தான் கிடைக்கிறது. அதனால் இந்த இரண்டு மாதத்தில் கொல்லைக்கு நாம் செய்ய வேண்டிய முதல் வேலை தண்ணீருக்கு வழி பார்ப்பது. மற்ற வேலையெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

நம் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே செம்மண், ஓரடி ஒன்றரை அடி தோண்டினால் பல இடங்களில் சரளையும் செம்புராங்கல்லும் வந்துவிடும், கடப்பாரை போட்டால் ‘ணங்’கென்று கேட்கும். கோடையில் எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கிற மண், நான்கு நாள் தொடர்ந்து பெய்தால் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்கும். பழைய ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். வளவு முற்றத்தில், அதாவது வீட்டு நடுவில் இருக்கும் திறந்த முற்றத்தில், நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் விழுந்து, மூலையில் இருக்கும் துவாரம் வழியாக வெளியேறி, தெருவோர வாய்க்காலுக்குப் போய், கடைசியில் ஊருணியில் சேருகிற மாதிரி வாட்டம் பார்த்துத்தான் ஊரையே கட்டியிருக்கிறார்கள். கொல்லைக்கும் அப்படி ஒரு வாட்டம் இருக்கும். அதை நாம்தான் நடுவில் கெடுத்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. பின்கட்டுக்கு வெளியே சேறாகிறது என்று ஒரு ஒப்பந்தக்காரரிடம் சொல்லி சிமென்ட் கல் பதித்தோம். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் கிழக்கே ஓட வேண்டிய தண்ணீரை அந்தக் கல்தளம் நான்கு விரல் உயரத்தில் அணை மாதிரி தடுத்துவிட்டது. அந்த ஐப்பசியில் அப்பத்தா வைத்த எலுமிச்சை மரத்தடியில் ஒன்பது நாள் தண்ணீர் நின்றது, மழைதானே, மரத்துக்கு நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். மார்கழியில் இலை மஞ்சளானது, உரம் போதவில்லை போல என்று எரு வைத்தேன். தை மாதம் தண்டின் அடியில் தேன் நிறத்தில் பிசின் வடிந்து உறைந்திருந்தது, நகத்தால் பட்டையைச் சுரண்டினால் உள்ளே பச்சைக்குப் பதில் காப்பிப் பொடி நிறம், புளித்த வாடை. இருபது வருடக் காய்ப்பு மரம், பங்குனிக்குள் விறகாகிவிட்டது. வேருக்கும் காற்று வேண்டும் என்பதும், நின்ற தண்ணீரில் பரவுகிற பூஞ்சை எலுமிச்சையை அடித்தண்டில்தான் பிடிக்கும் என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆகவே நீங்கள் வந்ததும் மழை பெய்கிற நேரத்திலேயே குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லையை ஒரு சுற்று சுற்றுங்கள். மழை விட்டபின் பார்த்தால் பாதிதான் தெரியும். எங்கே ஓடுகிறது, எங்கே சுழன்று நிற்கிறது என்று பார்த்து அங்கங்கே ஒரு குச்சி நட்டுவையுங்கள், மறுநாள் மண்வெட்டியோடு அந்தக் குச்சிக்குக் குச்சி ஒரு சாண் அகல வாய்க்கால் இழுத்தால் போதும். கோடையில் மரத்தைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி பாத்தி கட்டியிருப்போமே, அதை இப்போது கட்டாயம் வெட்டிவிட வேண்டும், எலுமிச்சை, முருங்கை, மாதுளை மூன்றுக்கும் தண்டைச் சுற்றி மண்ணை மேடாக்கி, தண்ணீர் வெளிப்பக்கம் வழிகிற மாதிரி செய்ய வேண்டும். தென்னைக்கு அவ்வளவு கவலை வேண்டாம், ஓரிரு நாள் நின்றாலும் தாங்கும்.

வெளியேற்றும் தண்ணீரைத் தெருவுக்கு விடாதீர்கள், கிணற்றுப் பக்கம் திருப்புங்கள். கிணற்றுக்குள் நேராக விடக்கூடாது, சேறும் சாணியும் சேர்ந்து போகும். கிணற்றுக்குக் கொஞ்சம் தள்ளி ஆளுயரக் குழி வெட்டி, அடியில் பெரிய கல், மேலே சின்னக் கல், அதற்கு மேல் மணல் போட்டு அதில் விடுங்கள். கூரைத் தண்ணீர் எவ்வளவு வரும் என்று பலருக்குத் தெரிவதில்லை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் தொள்ளாயிரம் லிட்டருக்கு மேல். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது போட்ட குழி உங்கள் வீட்டில் இருந்தாலும் இருக்கும், மூடியைத் தூக்கிப் பாருங்கள், பெரும்பாலும் மண் மேவிப்போய்க் கிடக்கும்.

அடுத்தது காற்று. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டையைக் கடந்து நம் பக்கமும் வந்தது நினைவிருக்கும். எங்கள் கொல்லையில் விழுந்த மரங்களில் பாதி, தலைப்பாரம் அதிகமாகி ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்தவை. முருங்கையை இப்போதே கழித்துவிடுங்கள், அதன் கிளை மழைத் தண்ணீரைக் குடித்துக் கனத்து, காற்றே இல்லாமல்கூட முறியும். வீட்டு ஓட்டின் மேல் தொங்குகிற வேப்பங்கிளை, காய்ந்த தென்னை மட்டை, முற்றிய தேங்காய், இவற்றை ஆள் வைத்து இறக்குங்கள், பழைய நாட்டு ஓடு உடைந்தால் அதே மாதிரி ஓடு கிடைப்பது இப்போது பெரும்பாடு. குலை தள்ளிய வாழைக்கு இரண்டு சவுக்குக் கொம்பைக் கத்தரி மாதிரி கட்டி முட்டுக் கொடுங்கள்.

மல்லிகையை மட்டும் தீபாவளிக்கு வெட்டிவிட்டுப் போகாதீர்கள், இது நிறையப் பேர் செய்கிற தவறு. குண்டுமல்லிக்குக் கவாத்துக் காலம் நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மேலே உள்ளதையெல்லாம் வெட்ட வேண்டும். அதாவது முழங்காலுக்குச் சற்று மேலே. பார்க்கப் பாவமாக இருக்கும், மொட்டைக் குச்சியாக நிற்கும், ஆனால் கோடையில் பூக்கிற பூ முழுக்க அதன்பின் வருகிற புதுத் தளிரில்தான் வரும். பிச்சி இருந்தால் அதற்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. உங்களுக்கு அப்போது வர முடியாது என்றால் வேலைக்கு வரும் அண்ணனிடம் சுவரில் கரிக்கோடு போட்டு உயரத்தைக் காட்டிவிட்டு வாருங்கள், வாயால் சொன்னால் இடுப்பளவில் நுனியை மட்டும் கிள்ளிவிட்டுப் போய்விடுவார்.

முருங்கைக்கு இந்தக் காலத்தில் இன்னொரு தொல்லை கம்பளிப்பூச்சி. மழைக்குப் பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால் அடிமரத்தில் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் கம்பளித் துணி சுற்றிய மாதிரி இருக்கும், கிட்டப் போனால் அது அசையும், நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். ராத்திரி மேலே ஏறி இலையைத் தின்றுவிட்டுப் பகலில் இப்படி வந்து கூடும், அதுதான் நமக்கு வசதி, ஒரே இடத்தில் முடித்துவிடலாம். முன்பு பந்தம் கொளுத்தி ஓர் இழுப்பு இழுப்பார்கள். அதில் மரத்தின் பட்டையும் வெந்துபோவதைப் பார்த்தபின் நான் அதை நிறுத்திவிட்டேன், கெட்டியான சோப்புக் கரைசலைத் தெளிப்பானில் ஊற்றி நனைய அடிப்பேன், விழுவதைக் கூட்டிக் குழியில் போட்டு மூடிவிடுவேன். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், அதன் முடி பட்டால் இரண்டு நாள் அரிக்கும்.

தென்னங்குருத்தும் எலுமிச்சைத் தண்டும் அழுகாமல் இருக்க போர்டோ கலவை. கடையில் வாங்குவதைவிட வீட்டில் கலப்பது மலிவு, எளிதும்கூட. பத்து லிட்டர் கலவைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், நன்றாக நீற்றிய சுண்ணாம்பு 100 கிராம், இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் ஐந்து ஐந்து லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், இரும்பு, பித்தளைப் பாத்திரம் ஆகவே ஆகாது. பிறகு நீலத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருந்தால் வான நீலத்தில் இளகிய மாவு மாதிரி வரும். துருவில்லாத ஒரு கத்தியை அதில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள், கத்தியில் செம்பு நிறம் படிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், படியாவிட்டால் சரியாக இருக்கிறது. அன்றன்றைக்குக் கலந்து அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் வீண். தென்னையில் குருத்தைச் சுற்றித் தெளியுங்கள். எலுமிச்சைக்கு அதே 100 கிராம் 100 கிராம் கணக்கை ஒரே லிட்டர் தண்ணீரில் பசையாகக் கலந்து, அடியிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பழைய தூரிகையால் பூசிவிடுங்கள். வெயில் அடிக்கும் நாளாகப் பாருங்கள், பூசிய அன்று மழை வந்தால் கழுவிப் போய்விடும்.

உரத்தைப் பொறுத்தவரை, அடைமழைக்கு நடுவில் யூரியா போடாதீர்கள், வாங்கிய காசு ஊருணிக்குத்தான் போகும். மக்கிய எரு, வேப்பம்புண்ணாக்கு எதுவானாலும் புரட்டாசியில் வைத்திருக்க வேண்டும், விட்டுப்போயிருந்தால் மழை ஓய்கிற கார்த்திகைக் கடைசி வரை பொறுங்கள். மாமரத்துக்குக் கார்த்திகை, மார்கழியில் தண்ணீரே பாய்ச்ச வேண்டாம், மண் அப்படிக் காய்ந்தால்தான் தையில் பூ எடுக்கும். சருகு மூடாக்கு போட்டிருந்தால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிவிடுங்கள், ஈரச் சருகு தண்டோடு ஒட்டிக் கிடந்தால் அங்கேதான் அழுகல் தொடங்கும்.

இந்த ஈரம் களை எடுக்க அருமையான காலம். சீமைக்கருவேலங்கன்று கோடையில் கடப்பாரைக்கே அசையாது, இப்போது முழங்கால் உயரக் கன்றைக் கையுறை போட்டு இழுத்தால் ஆணிவேரோடு வந்துவிடும், பூட்டிக் கிடக்கிற வீட்டில் இதை ஒரு வருடம் விட்டாலும் அடுத்த வருடம் உள்ளே போக முடியாது. கோரையை மட்டும் இழுக்காதீர்கள், மேல்புல் கையோடு வந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கி நான்காக முளைக்கும், மண்வெட்டியால் ஆழமாகப் புரட்டிக் கிழங்கைப் பொறுக்க வேண்டும். புல்தரை போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆள் நிரந்தரமாக இல்லாத வீட்டில் என் பதில், வேண்டாம். சித்திரையில் அதற்கு ஊற்றுகிற தண்ணீரில் பத்துத் தென்னையைக் காப்பாற்றலாம்.

தேங்காய்ச் சிரட்டை, உடைந்த தொட்டி, சாடியின் மூடி இதிலெல்லாம் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வளர ஏழெட்டு நாள் போதும், வாரம் ஒருமுறை வருகிற ஆளிடம் முதல் வேலையாக இவற்றைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். விறகுக் குவியலைச் சுவரோரம் வைக்காதீர்கள், மழைக்குப் பாம்பு ஒதுங்கும் இடம் அதுதான்.

விதை எதுவும் இப்போது தூவ வேண்டாம், அடைமழை கீரை விதையை வாரிக்கொண்டு போய்விடும். கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்பார்கள், அந்தக் கணக்குப்படி திருக்கார்த்திகை கழிந்து மண் கொஞ்சம் இறுகியதும் கீரை, முள்ளங்கி, கத்தரி நாற்று வைக்கலாம்.

கடைசியாக ஒன்று, வேலியோரம் ஆவாரை இருந்தால் அதில் ஒரு கயிறு கட்டி அடையாளம் வைத்துவிட்டு வாருங்கள், களை என்று நினைத்து வெட்டிவிடப் போகிறார்கள். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள் நகரத்தார் வீடுகளில் இருக்கும் பிள்ளையார் நோன்புக்கு அந்தப் பூ வேண்டும். நோன்புக்கு ஊருக்கு வந்தால் எலுமிச்சையின் அடித்தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பச்சையாக இருந்தால் இந்த மழையைத் தாண்டிவிட்டது.