கோடைப்பள்ளியில் தங்கிப் படிக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

விடுமுறையில் சில வாரங்கள் விடுதியில் தங்கி ஒரு பாடத்தை ஆழமாகப் படிக்கும் கோடைப்பள்ளிகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். முதலில் மாணவியாகப் போனேன், அப்புறம் விடுதி வழிகாட்டியாக இருந்தேன், இப்போது அங்கே கணிதம் எடுக்கிறேன். மாணவர்களும் பெற்றோர்களும் நிறையக் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, கோச்சிங் வகுப்பில் அடுத்த வருடப் பாடம் வரைக்கும் முடித்துவிட்டேன். கோடைப்பள்ளியில் எனக்குப் புதிதாக என்ன இருக்கப் போகிறது?

பாடத்தை முன்கூட்டியே முடிப்பது கோடைப்பள்ளியின் வேலை இல்லை. ஆர்னால்ட் ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் அமெரிக்காவில் 1957இல் தொடங்கிய கோடைப்பள்ளி இன்றும் நடக்கிறது. ‘எளிய விஷயங்களை ஆழமாக யோசி’ என்பதுதான் அதன் தாரக மந்திரம். அங்கே முக்கியப் பாடம் எண் கோட்பாடு. நாம் சின்ன வயதிலிருந்து புழங்கும் முழு எண்கள்தான் பாடப்பொருள்.

இந்த மாதிரிப் பள்ளிகளில் முதல் சில நாட்களில் வரும் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன், ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 3இல் தொடங்கி, மறுபடி மறுபடி 3ஆல் பெருக்குங்கள். ஒவ்வொரு முறையும் 7ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். 3, 2, 6, 4, 5, 1 என்று வரும். 2ஐ வைத்துச் செய்தால் 2, 4, 1, 2, 4, 1. இரண்டிலும் ஆறாவது இடத்தில் 1. 4, 5, 6 எதை வைத்துச் செய்தாலும் ஆறாவது இடத்தில் 1தான். சரி, 7க்குப் பதில் 11ஆல் வகுத்தால்? பத்தாவது இடத்தில் 1. உடனே ‘எந்த எண்ணால் வகுத்தாலும் அதற்கு ஒன்று முந்தைய இடத்தில் 1 வரும்’ என்று யாராவது சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவர் 9ஆல் வகுத்துப் பார்ப்பார். 2ஐப் பெருக்கிக்கொண்டே போனால் எட்டாவது இடத்தில் 4 வந்து நிற்கும். ஊகம் உடைந்துவிட்டது. 7க்கும் 11க்கும் இருப்பது 9க்கு ஏன் இல்லை? பகா எண் என்பதாலா? அப்படியானால் அதை எப்படி நிரூபிப்பது?

இது பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா 1640இல் எழுதிய தேற்றம். கோச்சிங்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். கோடைப்பள்ளியில் தேற்றத்தின் பெயரைக்கூட யாரும் சொல்லாமல் இரண்டு மூன்று நாட்கள் உங்களை அதோடு விட்டுவிடுவார்கள். அட்டவணை போடுவது, ஊகிப்பது, உடைவது, திருத்துவது எல்லாம் உங்கள் வேலை. விடை ஏற்கெனவே தெரியும் என்றால் வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள், பக்கத்தில் இருப்பவரின் சந்தோஷம் போய்விடும். ‘ஏன்’ என்பதை நிரூபிக்க உட்காருங்கள். பாடத்தை முடித்துவிட்டு வருகிற பலர் அங்கேதான் முதன்முதலாகத் திணறுவார்கள். அந்தத் திணறலுக்காகத்தான் போகச் சொல்கிறேன்.

கேள்வி: போய் நான்கு நாள் ஆகிறது. பள்ளியில் நான்தான் முதல் மாணவி. இங்கே எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். தவறுதலாகத் தேர்வு செய்துவிட்டார்களோ என்று தோன்றுகிறது.

தவறுதலாக யாரையும் எடுப்பதில்லை. விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்துத்தான் எடுக்கிறார்கள்.

நீங்கள் பார்ப்பது, வேகமாகப் பேசுகிறவர்களை. அவர்கள் ஏற்கெனவே அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு வந்திருப்பார்கள். இரண்டாம் வாரத்தில் எல்லோருக்கும் புதிதான விஷயம் தொடங்கும்போது அந்த முன்னிலை கரைந்துவிடும். வழிகாட்டியாக இருந்த காலத்தில் இரவு அறைகளைச் சுற்றி வரும்போது இதே கேள்வியைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். அன்று மாலை கரும்பலகையில் அசத்தியவர்களே தனியாக இருக்கும்போது கேட்பார்கள். இன்று பத்தில் மூன்று கணக்கு போட்டீர்களா? அந்த மூன்றையும் ஒரு வரிகூட விடாமல் எழுதிக் கொடுங்கள். அரைகுறையாகப் பத்து எழுதுவதைவிட அது மேல்.

கேள்வி: விரிவுரை முழுக்க ஆங்கிலம். பாதி புரிவதில்லை. கேள்வி கேட்க வாய் வரவில்லை, இலக்கணம் தப்பாகிவிடுமோ என்று பயம்.

முதலில் ஒன்று: விரிவுரையில் பாதி புரியாமல் இருப்பது மொழியால் மட்டும் இல்லை. ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவருக்கும் அந்த வேகத்தில் பாதிதான் புரியும். மீதி, மாலையில் கணக்கு போடும்போது புரிய வேண்டியது.

கேள்வி கேட்க நீளமான வாக்கியம் தேவையில்லை. பலகையில் ஒரு வரியைக் காட்டி ‘இது ஏன்?’ என்று கேட்டால் போதும். ஆங்கிலத்தில் அது மூன்று சொல். பாடம் எடுப்பவளாகச் சொல்கிறேன், எனக்கு அதைவிடப் பயனுள்ள கேள்வி கிடையாது. எந்த வரியில் வகுப்பு என்னை விட்டுப் போனது என்று தெரிந்துவிடும். கூட்டத்தில் கேட்க முடியவில்லை என்றால் வகுப்பு முடிந்ததும் பலகை அருகே வாருங்கள். சாப்பாட்டு மேசையிலும் கேட்கலாம். ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் தங்குவதன் பெரிய லாபமே அதுதான்.

கேள்வி: தனியாக யோசித்தால்தான் எனக்கு ஓடும். ஆனால் எல்லோரும் கூட்டமாக உட்கார்ந்து போடுகிறார்கள். எது சரி அக்கா?

இரண்டும் வேண்டும், வரிசை முக்கியம். முதலில் தனியாக, ஒரு மணி நேரமாவது. கையில் ஏதாவது இல்லாமல் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் அடுத்தவர் விடையைப் படியெடுத்துக்கொண்டு வருவீர்கள். புரிந்த மாதிரி இருக்கும், மறுநாள் எழுதவராது.

கடைசி வரை தனியாகவே இருந்துவிடவும் கூடாது. 1970களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்பவர், நுண்கணித வகுப்பில் நன்றாக உழைத்தும் தோற்கும் மாணவர்களைப் பற்றி ஆராய்ந்தார். அவர்களில் பலர் நேரம் தவறாமல் தனியாகவே படித்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகச் செய்தவர்கள் தனியாகப் போட்டுவிட்டு, அப்புறம் ஒன்றாக உட்கார்ந்து ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்தார்கள். அதை வைத்து, கடினமான கணக்குகளைக் கூடிப் போடும் பட்டறைகளை அவர் நடத்தினார், மாணவர்களின் மதிப்பெண்கள் நன்றாகவே ஏறின. தனியாகப் படிப்பவருக்கு, தான் தவறான பாதையில் போகிறோம் என்று சொல்ல ஆள் இல்லை. தன்னைப் போலவே மற்றவர்களும் அதே கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரியாது.

கேள்வி: மேடம், மகள் தினமும் போனில் அழுகிறாள். ‘வந்து கூட்டிக்கொண்டு போங்கள்’ என்கிறாள். மூன்று நாள்தான் ஆகிறது. போய் அழைத்து வந்துவிடலாமா?

உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் இன்றைக்கே கிளம்ப வேண்டாம். வீட்டு நினைவு பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். அதுவும் இரவில், படிப்பெல்லாம் முடிந்து கை சும்மா இருக்கிற நேரத்தில். அவள் உங்களுக்குப் போன் செய்வதும் அந்த நேரத்தில்தானே? பகலில் அவளைப் பார்த்தால் வேறு பிள்ளையாக இருப்பாள். போன் நேரத்தை மாலை உணவுக்கு முன்பாக மாற்றிப் பாருங்கள்.

‘பிடிக்கவில்லை என்றால் உடனே வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் அவள் அங்கே பழக முயற்சி செய்ய மாட்டாள், நாட்களை எண்ணிக்கொண்டிருப்பாள். ‘ஏன் அழுகிறாய்’ என்று கேட்பதற்குப் பதில் ‘இன்றைக்கு யாரோடு சாப்பிட்டாய், என்ன கணக்கு போட்டாய்’ என்று கேளுங்கள். விடுதி வழிகாட்டியிடம் நீங்களே பேசிவிடுங்கள், அவர்களுக்கு இது பழக்கமான விஷயம்.

இதற்கு விலக்கு உண்டு. சாப்பிடவே இல்லை, தூங்கவே இல்லை, அல்லது யாரோ தொந்தரவு செய்கிறார்கள் என்று தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம். அது வீட்டு நினைவு இல்லை. பொறுப்பாளரை அழையுங்கள், கிளம்பிப் போங்கள்.

கேள்வி: என் அறைத்தோழன் இரவு இரண்டு மணி வரை விளக்கைப் போட்டுக் கணக்கு போடுகிறான். எனக்குத் தூக்கம் போகிறது. சொன்னால் சண்டை ஆகுமோ?

முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாம் வாரத்தில் சொன்னால்தான் சண்டை. ‘பதினொன்றுக்கு மேல் பொது அறையில் போடலாமா?’ என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் சரி என்றுவிடுவார்கள்.

உங்கள் தோழனுக்கும் இதைக் காட்டுங்கள்: 13 முதல் 18 வயது வரை இருப்பவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. அன்று கற்றதை மூளை நிலைப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரவெல்லாம் விழித்துவிட்டுக் காலை விரிவுரையில் தலை சாய்ப்பவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன், மனது கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: குறிப்பு எப்படி எடுப்பது?

பலகையில் இருப்பதை எழுதுங்கள், புரியாத இடத்தில் ஓரத்தில் ஒரு குறி போடுங்கள். மாலையில் நோட்டை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் அன்றைய முக்கிய நிரூபணத்தை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்று ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் சோதித்துக் காட்டினார்கள்.

கேள்வி: மதிப்பெண் சுமார்தான். எனக்கெல்லாம் இடம் கிடைக்குமா? வசதியும் இல்லை.

மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிற பள்ளிகளும் உண்டு. நல்ல கோடைப்பள்ளிகள் பல, கணக்குகளைக் கொடுத்து வீட்டிலேயே வைத்துப் போடச் சொல்கின்றன. மேத்கேம்ப், ப்ராமிஸ், முன்பு சொன்ன ராஸ் ஆகிய மூன்று கணிதக் கோடைப்பள்ளிகளிலும் இதுதான் வழக்கம். எல்லாவற்றையும் போட்டிருக்க வேண்டியதில்லை. எதுவரை வந்தீர்கள், எங்கே நின்றுவிட்டது, என்னென்ன முயன்றீர்கள் என்று எழுதுங்கள். வெறும் விடை மட்டும் இருக்கும் தாளைவிட அதைப் படிப்பவர்கள் விரும்புவார்கள். விடையை இணையத்தில் தேடாதீர்கள், வேறொருவரைக் கொண்டு எழுதாதீர்கள். தப்பித் தவறி இடம் கிடைத்தாலும் முதல் வாரமே தாங்காது.

பணத்தைப் பற்றி: அமெரிக்காவில் 1984 முதல் நடக்கும் ஆர்எஸ்ஐ என்ற அறிவியல் ஆய்வுக் கோடைப்பள்ளி போன்ற சிலவற்றில் படிப்புக்கும் தங்குவதற்கும் கட்டணம் இல்லை. கட்டணம் வாங்கும் பல பள்ளிகளிலும் உதவித்தொகை உண்டு. விண்ணப்பத்தில் அதற்கான பகுதியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். ஆடம்பர விளம்பரத்தோடு, பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு, விண்ணப்பித்தவர் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகளும் இருக்கின்றன. அவை வளாகத்தை வாடகைக்கு எடுத்து நடத்துபவையாக இருக்கலாம். யார் பாடம் எடுக்கிறார்கள் என்று பெயர் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் கடன் வாங்கிப் போக வேண்டாம்.

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். இந்த வயதில் கோடைப்பள்ளி எதற்கு?

இந்த வயதுக்கென்றே தொடங்கியவை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பிய மாணவர்களுக்கு நவீன இயற்பியல் எட்டாமல் இருந்ததைப் பார்த்துத்தான் பிரெஞ்சு இயற்பியலாளர் செசில் டெவிட்-மொரெட் 1951இல் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் லெஸூஷ் பள்ளியைத் தொடங்கினார். இத்தாலியில் வரென்னா இயற்பியல் பள்ளி 1953இல் வந்தது. ஆய்வுக் கட்டுரை ஒரு விஷயத்தின் முடிவை மட்டும் சொல்லும். பல நாட்கள் தொடர்ந்து விரிவுரை கேட்டால் அதை எழுதியவர் எங்கே தயங்குகிறார், எதை இன்னும் நம்பவில்லை என்றுகூடத் தெரியும். போவதற்கு முன் பேச்சாளர்களின் கட்டுரைகளில் இரண்டையாவது படித்துவிட்டு, கேள்விகளோடு போங்கள்.

கேள்வி: முடித்துவிட்டு வந்த பிறகு ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கலாமா? ஞாபகம் வைத்திருப்பாரா?

தாராளமாகக் கேட்கலாம். கடைசி வாரத்திலேயே ‘பின்னால் கடிதம் கேட்கலாமா?’ என்று நேரில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். தேவைப்படும்போது கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பாவது எழுதுங்கள். நீங்கள் எழுதிக்கொடுத்த தாள்களில் சிறந்த இரண்டைப் படமெடுத்து இணைத்து, எந்தக் கணக்கில் அவரோடு நீண்ட நேரம் பேசினீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். முகம் மறந்திருந்தாலும் அந்தக் கணக்கு அவருக்கு ஞாபகம் வரும். அதனால் வீட்டுக்குக் கிளம்பும்போது, திருத்தித் தந்த தாள்களை விடுதிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வராதீர்கள்.